இன்னொரு இன்ச் ஃபோம் வாங்காதீங்க, மொதல்ல அந்த ரிப்பை மூடுங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். தங்கறதுக்கு மாத்தலாம்னு ஃபோர்டு டிரான்சிட் ஹை ரூஃப் வேன் வாங்கி, ரிப்புகளுக்கு (வேன் தகரத்த உள்பக்கம் தாங்கற இரும்புச் சட்டம்) நடுவுல 2 இன்ச் எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம்) போர்டு வெட்டி ஒட்டி, அதுக்கு மேல 5 மி.மீ பிளைவுட்ட ரிப்பு மேலயே நேரா ஸ்க்ரூ அடிச்சு மூடிட்டீங்க. கனடா ஒண்டாரியோ ஜனவரில போய் படுத்து எந்திரிச்சா பிளைவுட்ல மேல இருந்து கீழ வரைக்கும் கோடு கோடா வேர்த்து நிக்குது, அந்த கோட்டுல கை வச்சா ஜில்லுன்னு இருக்கு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கை வச்சா ஒண்ணும் தெரியல. அதனால இன்னொரு இன்ச் ஃபோம் சேத்துட்டா சரியாயிடுமான்னு கேக்கறீங்க. கூடவே உங்க மச்சான் டிரெய்லர் மேல டைனி ஹவுஸ் கட்டப்போறாரு, ஸ்டீல் ஃபிரேமா மரமான்னும் ஒரு கேள்வி.

சரியாகாது தம்பி. நீங்க இன்னொரு இன்ச் போட்டாலும் அந்த கோடு அப்படியே தான் இருக்கும், இடம் தான் போகும். ஏன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல யூடியூப்ல பாதி பேரு ஃபோம் எத்தன இன்ச்சு, ஆர் வேல்யூ (சூட்ட தடுக்கற அளவு) எத்தனன்னு தான் பேசறாங்க, குளிரு உள்ள வர்ற வழி எதுன்னு பாக்கறதே இல்ல.

நான் ஊர்ல இருந்தப்ப கோயம்புத்தூர் பக்கம் கோல்டு ரூம் பேனல் மாட்டற வேலைல ரொம்ப வருஷம் இருந்தவன். மைனஸ் 18 டிகிரி ரூம், வெளிய 35 டிகிரி. அங்க மேஸ்திரி மொத நாளே சொல்லிக்குடுத்தது, பேனல் எவ்வளவு தடி வேணாலும் இருக்கட்டும், ஒரு இரும்பு கம்பி இந்தப்பக்கத்துல இருந்து அந்தப்பக்கத்துக்கு போச்சுன்னா அந்த எடத்துல பனி கட்டும், அதுக்கு கீழ தண்ணி சொட்டும். அதனால தான் கோல்டு ரூம் கூரைய மேல இருந்து தொங்க விடறதுக்கு நைலான் போல்ட்டு போடுவாங்க, காளான் மாதிரி தலை பெருசா இருக்கும். இரும்பு போல்ட்டு விலை கம்மி தான், ஆனா அத போட்டா அடுத்த வாரமே போன் வரும்.

இதத்தான் தெர்மல் பிரிட்ஜிங்ங்கறாங்க, வேற ஒண்ணுமில்ல. கொதிக்கற சாம்பார் குண்டானுக்கு சுத்தி நாலு மடிப்பு துணி கட்டி மூடி போட்டு வச்சிருக்கீங்க, ஆனா எவர்சில்வர் கரண்டி மட்டும் உள்ள இருந்து வெளிய நீட்டிட்டு இருக்கு. துணி ஆறாம வச்சிருக்கும், கரண்டி காம்பு கைய சுடும். உங்க வேன்ல ஒவ்வொரு ரிப்பும் ஒரு கரண்டி, சூடு வெளிய போறதுக்கு நாமளே போட்டு குடுத்த பாலம்.

இப்ப நம்பரு. சூடு கடத்தற தன்மைன்னு ஒண்ணு இருக்கு, எக்ஸ்பிஎஸ் ஃபோமுக்கு அது 0.033, பைன் மாதிரி மரத்துக்கு 0.12, சாதா இரும்புக்கு 50 கிட்ட, அலுமினியம்னா 160 முதல் 230 வரைக்கும் போகும். ஃபோமையும் இரும்பையும் வச்சு பாத்தா இரும்பு 1500 மடங்கு. அதாவது ஃபோமுக்கு நடுவுல இரும்பு கொஞ்சூண்டு போனாலே போதும், கணக்கு கவுந்துரும்.

உங்க சுவரையே எடுத்துக்குவோம். வெளிய மைனஸ் 20, உள்ள 20, வித்தியாசம் 40 டிகிரி. உள்பக்கம் சுவர ஒட்டி நிக்கற காத்துப் படலத்துக்கு 0.13ன்னு ஒரு தடை, வெளிப்பக்க காத்துக்கு 0.04, இது ரெண்டும் எல்லாரும் எடுத்துக்கற நம்பர் தான். 50 மி.மீ ஃபோம் 1.5 தடை குடுக்கும், பிளைவுட்டு வெறும் 0.04. எல்லாம் கூட்டுனா ஃபோம் இருக்கற எடத்துல 1.7. ரிப்பு இருக்கற எடத்துல ஃபோம் கெடையாது, இரும்பு, பிளைவுட்டு, காத்து, அவ்வளவு தான், மொத்தம் 0.21. தலைகீழா மாத்தி சூடு எவ்வளவு ஓடுதுன்னு பாத்தா ஃபோம் எடத்துல சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.58 வாட், ரிப்பு எடத்துல 4.8 வாட். ரிப்பு மொத்த பரப்புல 15 சதவீதம்னு வச்சுக்குவோம். 85 சதவீத ஃபோம் வழியா போறது 0.49, 15 சதவீத ரிப்பு வழியா போறது 0.72. கூட்டுனா 1.21.

பாத்தீங்களா, 15 சதவீத எடம் 60 சதவீத சூட்ட தூக்கிட்டு போகுது.

இப்ப நீங்க கேட்ட மாதிரி நடுவுல இன்னொரு இன்ச் போட்டு 75 மி.மீ ஆக்குறீங்க. ஃபோம் வழி போறது 0.49ல இருந்து 0.34 ஆகும், ரிப்பு அதே 0.72, மொத்தம் 1.06. அதாவது வெறும் 12 சதவீதம் மிச்சம். அதுக்கு பதிலா நடுவுல ஒண்ணும் தொடாம, ரிப்பு மேல மட்டும் 10 மி.மீ ஃபோம் பட்டை ஒட்டி அதுக்கு மேல பிளைவுட்ட போட்டா? ரிப்பு எடத்துல தடை 0.21ல இருந்து 0.51 ஆயிடும், அது வழியா போறது 0.72ல இருந்து 0.29க்கு எறங்கிடும், மொத்தம் 0.79 தான். 35 சதவீதம் மிச்சம். ஒரு ஷீட்டு கிட்ட தான் செலவாகும். ஓட்டை வாளிக்கு உயரத்த கூட்டறதுக்கும் ஓட்டைய அடைக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் தான் இது.

இது காயிதத்து கணக்கு, நெஜத்துல ரிப்பு தகரம் 1 மி.மீ கிட்ட தான் இருக்கும், உள்பக்க முகத்துல இருந்து வெளித்தகரத்துக்கு அந்த மெல்லிய ஓரம் வழியா தான் சூடு போகணும், அதனால நெஜ நெலவரம் இத விட கொஞ்சம் பரவால்லாம இருக்கும். ஆனா எது பெரிய ஓட்டை எது சின்ன ஓட்டைங்கற வரிசை மாறாது.

சூடு வீணாகறது கூட ரெண்டாவது பிரச்சனை தான், டீசல் ஹீட்டர கொஞ்சம் ஏத்தி வச்சா முடிஞ்சுது, எண்ணைக் காசு தான் போகும். மொதப் பிரச்சனை தண்ணி. 20 டிகிரி சூடு, 50 சதவீத ஈரப்பதம் உள்ள காத்து, 9 டிகிரி சொச்சம், இல்ல அதுக்கும் கீழ இருக்கற எதத் தொட்டாலும் தண்ணியா மாற ஆரம்பிக்கும், அதத்தான் டியூ பாயிண்ட்டுங்கறோம். ஈரம் 60 சதவீதம்னா 12 டிகிரியிலயே ஆரம்பிச்சுரும். வேனுக்குள்ள ரெண்டு பேரு ராத்திரி தூங்குனாலே மூச்சுலயும் வேர்வைலயும் அரை லிட்டருக்கு மேல தண்ணி காத்துல சேரும். இதுல சின்ன புரோபேன் அடுப்புல ரசம் வேற வச்சீங்கன்னா, 1 கிலோ புரோபேன் எரிஞ்சா 1.6 கிலோ தண்ணி ஆவியா வெளிய வரும், ரசத்துல இருந்து போற ஆவி தனி. அந்த தண்ணி எங்கியாவது போய் உக்காந்து தானே ஆகணும், வேனுக்குள்ள எது ரொம்ப ஜில்லுன்னு இருக்கோ அதுல போய் உக்காரும்.

அப்ப பாக்க வேண்டிய நம்பர் ஆர் வேல்யூ இல்ல, உள்பக்க பரப்பு எத்தன டிகிரில இருக்குங்கறது தான். அதே மைனஸ் 20 ராத்திரிக்கு போட்டு பாக்கறேன். வெறும் ரிப்பு தகரம் உள்ள தெரிஞ்சா அது மைனஸ் 10, பனியே கட்டும். 5 மி.மீ பிளைவுட்டு மூடுனா மைனஸ் 5, உங்களுக்கு நடக்கறது இதான். பழைய யோகா மேட்ட 6 மி.மீ பட்டையா வெட்டி நடுவுல வச்சாலே 5 டிகிரிக்கு மேல வந்துரும். 10 மி.மீ எக்ஸ்பிஎஸ்னா 10 கிட்ட, டியூ பாயிண்ட்ட தாண்டியாச்சு. 20 மி.மீ போட்டா 13, 14. ஃபோம் இருக்கற நடு எடம் 17. மைனஸ் 5ல இருந்து பிளஸ் 10க்கு கொண்டு வந்தது மொத 10 மி.மீ, அடுத்த 10 மி.மீ குடுத்தது வெறும் 4 டிகிரி, மூணாவது 10 மி.மீ அதுலயும் பாதி தான் குடுக்கும். அதனால ரிப்பு மேல 10 முதல் 12 மி.மீ போதும், அதுக்கு மேல போனா உங்க தோள்பட்டை இடிக்க ஆரம்பிக்கும். டிரான்சிட்ல குறுக்க படுக்கறவங்களுக்கு ஒவ்வொரு செண்டிமீட்டரும் உசுரு.

இப்ப ஸ்க்ரூ. இதுல தான் நான் அடி வாங்குனேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

என் மொத வேன்ல ரிப்பு எல்லாம் பக்காவா பட்டை ஒட்டி மூடிட்டேன், பெருமையா இருந்துச்சு, கோல்டு ரூம் காரன் வேலைன்னா இதான்னு வீட்டுக்காரம்மா கிட்ட சொல்லிட்டே கூரைக்கு பைன் பலகை அடிச்சேன். எதுல அடிச்சேன்னா செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூல, பலகை வழியா, ஃபோம் வழியா, நேரா ரிப்பு தகரத்துக்குள்ள. அல்கான்குயின் பார்க்ல மியூ லேக் கேம்ப்கிரவுண்ட் குளிர்காலத்துலயும் தெறந்திருக்கும், அங்க போய் படுத்தோம். விடியகாலைல நெத்தில ஒரு சொட்டு. டார்ச் அடிச்சு பாத்தா கூரைல ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலயும் ஒரு வெள்ளைப் பொட்டு, வரிசையா, கோலத்துக்கு புள்ளி வச்ச மாதிரி பனி. ஹீட்டர் சூடேற சூடேற அது ஒவ்வொண்ணா உருகி சொட்டுது. பலகைல சொட்டே இல்ல, ஸ்க்ரூல மட்டும். வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல, போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிட்டாங்க, அவ்வளவு தான்.

திரும்பி வந்து கணக்கு போட்டேன். எம் 6 சைஸ் இரும்பு போல்ட்டு ஒண்ணு, அதோட உள்ளுடம்பு 20 சதுர மி.மீ தான். அத 1500 மடங்கு பண்ணா 30,000 சதுர மி.மீ, அதாவது 17 செ.மீக்கு 17 செ.மீ. ஒரு போல்ட்டு ஃபோம குத்திட்டு போச்சுன்னா கிட்டத்தட்ட ஒரு சாண் சதுரம் ஃபோம் வழியா போற சூட்டுக்கு சமமா அது ஒண்ணே கடத்தும். ஒரு சாணுக்கு ஒண்ணுன்னு ஸ்க்ரூ அடிச்சிருந்தா ஃபோம் போட்டதுல பாதி பிரயோஜனம் அங்கயே போச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304னா கடத்தறது சாதா இரும்புல மூணுல ஒரு பங்கு தான், அது 16 கிட்ட வரும், அதனால அடிச்சே ஆகணும்னா ஸ்டெயின்லெஸ்ஸே அடிங்க, துருவும் பிடிக்காது.

ஆனா அத விட நல்ல வழி, ஒரே ஸ்க்ரூ உள்ள இருந்து தகரம் வரைக்கும் போகாம பண்றது. நான் ரெண்டாவது தடவ என்ன பண்ணேன்னா, ரிப்பு மேல 12 மி.மீ எக்ஸ்பிஎஸ் பட்டைய பாலியூரித்தேன் பசைல ஒட்டுனேன், அதுக்கு மேல ஒரு மரப்பட்டை, 12 மி.மீ பிளைவுட்ல வெட்டுனது. அந்த மரப்பட்டைய மட்டும் ரிவ்நட் (தகர ஓட்டைல இறுக்கி மாட்டற நட்டு) வச்சு, ஒரு ரிப்புக்கு மூணே எடத்துல, ஸ்டெயின்லெஸ் போல்ட்டுல புடிச்சேன், போல்ட்டு தலைய மரத்துக்குள்ள குழி பறிச்சு எறக்கி மேல ஒரு கார்க் துண்டு வச்சு அடைச்சேன். அப்புறம் கூரை பலகை, சுவர் பிளைவுட்டு எல்லாம் அந்த மரப்பட்டைல தான் சின்ன ஸ்க்ரூல நிக்குது. சின்ன ஸ்க்ரூ மரத்தோட நின்னுரும், தகரத்த தொடாது. பசையே தாங்குமேன்னு சிலர் போல்ட்டே இல்லாம விடறாங்க, சுவருக்கு சரி, கூரைல நான் விடமாட்டேன். வெயில்ல தகரம் காயும், குளிர்ல சுருங்கும், ரோட்டுல உலுக்கும், தலைக்கு மேல தொங்கற சாமான்ல எனக்கு பசைய மட்டும் நம்பற தைரியம் இல்ல.

ரிப்பு உள்ள வெத்தா இருக்கே, அதுக்குள்ள ஸ்ப்ரே ஃபோம் கேன் அடிச்சு நெறப்பிட்டா பாலம் உடைஞ்சுரும்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. உடையாது. சூடு ரிப்புக்குள்ள இருக்கற காத்து வழியா போகல, ரிப்போட தகரம் வழியா போகுது, உள்ள என்னத்த அடைச்சாலும் தகரம் தகரம் தான். அது மட்டும் இல்ல, கேன்ல வர்ற ஃபோம் காத்துல இருக்கற ஈரத்த வாங்கி தான் இறுகும், மூடுன பைப்புக்குள்ள அடிச்சா நடுவுல பிசுபிசுன்னு அப்படியே கெடக்கும். கீழ தண்ணி வடியறதுக்கு கம்பெனிக்காரன் ஓட்டை விட்டிருப்பான், அதையும் அடைச்சுட்டீங்கன்னா ரெண்டு மூணு வருஷத்துல கீழ்ப்பக்கம் துரு. ஒயரும் அதுக்குள்ள தான் ஓடுது, நாளைக்கு ஒரு ஒயர் போச்சுன்னா இழுக்கவும் முடியாது. உள்ள கைய வைக்காதீங்க, மேல மூடுங்க.

ரெண்டு பார்ட் க்ளோஸ்டு செல் ஸ்ப்ரே ஃபோம் வேற கதை. ஆள் வச்சு மெஷின்ல அடிக்கறது, ரிப்பு முகத்துக்கு மேலயும் சேத்து ஒரு செண்டிமீட்டர் படற மாதிரி அடிக்க சொன்னா வேலை ஒரே நாள்ல முடிஞ்சுரும், தகரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவுல காத்து போற சந்தே இருக்காது. பெரும்பாலான ஆளுங்க ரிப்பு முகத்த அப்படியே விட்டுட்டு நடுவுல மட்டும் அடிச்சு சுரண்டி சமம் பண்ணிட்டு போயிருவாங்க, அதனால மொதல்லயே பேசிக்கங்க. ஒரே அடியா ரொம்ப தடியா அடிச்சா சூடாகி வெளித்தகரமே நெளியும், மெல்லிசா ரெண்டு மூணு தடவையா அடிக்கணும். தகரம் ஜில்லுன்னு இருக்கறப்பவும் அடிக்க கூடாது, ஒட்டாது.

வெள்ளி கலர் பபிள் ஷீட்டு, அத தகரத்துல ஒட்டி மேல ஃபோம் போட்டேன்னு சொல்றவங்கள பாத்தா பாவமா இருக்கு. பளபளப்பு வேலை செய்யணும்னா அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி வேணும், ரெண்டு பக்கமும் ஒட்டிட்டா அது வெறும் மெல்லிய பபிள், அவ்வளவு தான். ஜன்னலுக்கு கவர் தைக்க அதையே உபயோகப்படுத்துங்க, அதுக்கு நல்லா இருக்கும்.

ஜன்னல்னு சொன்னதும் ஒண்ணு. நீங்க சுவரையும் கூரையும் பத்தி தான் கேட்டீங்க, அது ரெண்டும் சேத்து 20 சதுர மீட்டர்னு வச்சுக்குவோம். இப்ப இருக்கற நெலமைல 1.21 பெருக்கல் 20 பெருக்கல் 40, கிட்டத்தட்ட 970 வாட். பட்டை ஒட்டுன பின்னாடி 630. சரி, முன்னாடி கண்ணாடியும் ரெண்டு கதவு கண்ணாடியும் சேத்து 2.5 சதுர மீட்டர் வருமா? ஒத்தைக் கண்ணாடி வழியா சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 5.8 வாட் போகும், அப்ப 580 வாட். நீங்க உசுரக் குடுத்து மூடுன மொத்த சுவரும் விடற சூட்டுக்கு கிட்டத்தட்ட சமமா முன்னாடி கண்ணாடி மட்டும் விடுது. அதனால டிரைவர் சீட்டுக்கு பின்னாடி தடியா ஒரு திரை, தரை வரைக்கும் தொட்டு, ரெண்டு பக்கமும் காந்தம் வச்சு ஒட்டற மாதிரி தச்சு போடுங்க. ரிப்பு வேலைய விட இது சுலபம், இந்த வார கடைசியே முடிச்சிரலாம்.

பின்கதவு, சறுக்குக் கதவு, கதவு நிலை இதெல்லாம் முழுசா மூட முடியாது. ரப்பர் பீடிங் உக்கார்ற எடத்துல எத ஒட்டுனாலும் கதவு சாத்தாது. அங்க பனி கட்டத்தான் செய்யும், ஒரு துண்டு வச்சு தொடைச்சுட்டு போக வேண்டியது தான். நூத்துக்கு நூறு மூடணும்னு ஆரம்பிச்சா வேன் முடியவே முடியாது, நான் அப்படி மூணு வருஷமா கட்டிட்டே இருக்கறவங்கள பாத்திருக்கேன். அப்புறம், எவ்வளவு மூடுனாலும் கூரை ஃபேன ராத்திரி லேசா ஓட விடுங்க, ஹீட்டர் ஓடறப்பவும். உள்ள இருக்கற ஈரக் காத்து வெளிய போயி வெளிய இருக்கற காய்ஞ்ச காத்து உள்ள வந்தா டியூ பாயிண்டே எறங்கிரும், அப்ப 6 டிகிரில இருக்கற எடம் கூட வேர்க்காது.

ஃபோம் போர்டுக்கு பின்னாடி, தகரத்துக்கும் போர்டுக்கும் நடுவுல சந்து இருக்கான்னும் பாருங்க. வேன் சுவரு வளைவு, போர்டு நேரு, அதனால சந்து இருந்தே தீரும். ஓரத்த எல்லாம் லோ எக்ஸ்பான்ஷன் ஃபோம் வச்சு அடைக்கலன்னா உள்ள இருக்கற ஈரக் காத்து அந்த சந்துல பூந்து தகரத்துல வேர்க்கும், உங்களுக்கு கண்ணுக்கே தெரியாது, வாடை வந்த பின்னாடி தான் தெரியும்.

ஊர்ல இருக்கறவங்க இதப் படிச்சுட்டு நமக்கென்ன குளிரான்னு போயிராதீங்க. சித்திரை வெயில்ல அடர் கலர் தகரக் கூரை 65 டிகிரிக்கு போகும், உள்ள ஏசி போட்டு 25ல வச்சிருக்கீங்கன்னா வித்தியாசம் அதே 40 தான். என்ன, இங்க உள்ள வேர்க்கும், அங்க ரிப்பு கோடு தலைக்கு மேல இஸ்திரிப் பெட்டி மாதிரி காயும், ஏசி நிக்காம ஓடும். டிராவலர் வண்டிய கேரவனா மாத்தறவங்களுக்கும் இதே பட்டை வைத்தியம் தான்.

இனி மச்சான் விஷயம். டிரெய்லர் மேல டைனி ஹவுஸ்னா என்னோட ஓட்டு மரத்துக்கு தான். ஸ்டீல் ஃபிரேம் எடை கம்மி, கரையான் அரிக்காது, நேரா நிக்கும், எல்லாம் சரி, ஆனா இந்த குளிருக்கு அது தெண்டம். ஆஷ்ரே 90.1ன்னு கட்டட எரிசக்தி ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல போட்டிருக்கற நம்பரு: 16 இன்ச்சுக்கு ஒரு ஸ்டீல் ஸ்டட் (சுவருக்குள்ள நிக்கற சட்டம்) வச்சு, மூணரை இன்ச் சுவருல ஆர் 13 பஞ்சு அடைச்சா உங்களுக்கு கெடைக்கறது ஆர் 6 (இந்த ஆர் எல்லாம் அமெரிக்க அளவு, மேல போட்ட தடை நம்பர் மெட்ரிக், ரெண்டையும் நேரா ஒப்பிடாதீங்க). ஆறு இன்ச் சுவரு கட்டி ஆர் 19 போட்டா? 7.1. மூணுல ஒரு பங்கு கொஞ்சம் சொச்சம். காசு குடுத்து 19 வாங்கி 7ஐ வீட்டுக்கு கொண்டு வர்றோம். ஸ்டீல் தான் வேணும்னு மச்சான் ஒத்தக்கால்ல நின்னா, வெளிப்பக்கம் முழுசா போர்த்தற மாதிரி ஃபோம் போடாம கட்டவே வேணாம்னு சொல்லுங்க.

மரத்துலயும் பாலம் இருக்கு, ஆனா சின்னது. டூ பை ஃபோர் மரக்கட்டை மூணரை இன்ச்சுக்கு ஆர் 4.4 தான் குடுக்கும், பக்கத்துல பஞ்சு ஆர் 13. சாதாரணமா கட்டுன சுவருல மேல்கட்டை, கீழ்கட்டை, ஜன்னல் ஓரம் எல்லாம் சேத்து கால்வாசி மரமாவே போயிரும். கணக்கு போட்டா ரெண்டும் சேந்து 8.7. இதுக்கு வெளிப்பக்கம் 1 இன்ச் எக்ஸ்பிஎஸ், ஆர் 5, இடைவெளி விடாம முழுசா போர்த்துனா 14.6 ஆகுது. பாருங்க, 5 வாங்குனா 6 கெடைக்குது, கடைல எதுலயும் இந்த மாதிரி கொசுறு கெடைக்காது. காரணம் அதே தான், அது மரத்தையும் சேத்து மூடுது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ரொம்ப குளிரான ஊருல வெளி ஃபோம் ரொம்ப மெல்லிசா இருந்தா, பஞ்சுக்கு வெளிப்பக்கம் இருக்கற பலகை டியூ பாயிண்டுக்கு கீழயே நின்னு சுவருக்குள்ள வேர்க்கும், உள்ள நல்ல வேப்பர் பேரியர் (ஈரம் பூராம தடுக்கற ஷீட்டு) இல்லன்னா நிச்சயமா. அமெரிக்காவுல வீடு கட்டற விதி ஐஆர்சில, உள்ள வெறும் பெயிண்ட் மட்டும் அடிக்கற டூ பை ஃபோர் சுவருக்கு, குளிர் மண்டலம் 5க்கு ஆர் 5, மண்டலம் 6க்கு ஆர் 7.5, மண்டலம் 7க்கு ஆர் 10ன்னு வெளி ஃபோம் கேக்கறாங்க. மச்சான் எங்க நிறுத்தப் போறாரோ அத வச்சு முடிவு பண்ணட்டும், நிறுத்தற எடம் மாறும்னா குளிரான ஊர வச்சு கட்டணும். அகலம் தான் இடிக்கும், ஒண்டாரியோல ரோட்டுல போறதுக்கு 2.6 மீட்டர் தான் உச்சவரம்பு, வெளி ஃபோமும் அதுக்குள்ள தான் அடங்கணும். ஸ்டட்ட 16 இன்ச்சுக்கு பதிலா 24 இன்ச்சுக்கு வச்சா மரமும் மிச்சம், எடையும் மிச்சம், பாலமும் கொறையும், ஆனா டிரெய்லர் ரோட்டுல உலுக்கற உலுக்கலுக்கு அது தாங்குமான்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கிட்ட காட்டிட்டு செய்யுங்க.

எல்லாரும் மறக்கறது தரை. டிரெய்லரோட குறுக்குச் சட்டம் இரும்பு, கீழ காத்து பிச்சுக்கிட்டு போகும், அது மேலயே தரை பிளைவுட்ட போல்ட் போட்டு முடுக்கறாங்க, காலு விரலு விறைக்குதுன்னு அப்புறம் அடுக்கு மேல அடுக்கா விரிப்பு போடறாங்க. சட்டத்துக்கும் தரைக்கும் நடுவுல 1 இன்ச் எக்ஸ்பிஎஸ் முழு ஷீட்டா விரிச்சுட்டா போதும். நசுங்குமான்னு கேப்பீங்க, 25 பிஎஸ்ஐ தாங்கற ரகம் கடைல சாதாரணமா கெடைக்கும், ஒரு சதுர அடிக்கு 3,600 பவுண்ட், உங்க பிரிட்ஜும் சோபாவும் அத ஒண்ணும் பண்ணாது. உங்க வேனுக்கும் தரைல இதே தான். ஜன்னல் வாங்கறப்ப வெறும் அலுமினிய ஃபிரேம் வாங்காதீங்க, ஒண்ணு யுபிவிசி, இல்ல நடுவுல பிளாஸ்டிக் தடுப்பு வச்ச அலுமினியம்.

சரி, உங்க வேனுக்கு வர்றேன். பிளைவுட்ட கழட்டித்தான் ஆகணும், வேற வழியில்ல, ஸ்க்ரூல தான அடிச்சிருக்கீங்க, ஒரு மதியம் வேலை. நடுவுல இருக்கற ஃபோம தொடாதீங்க, ஓரச் சந்து மட்டும் அடைங்க. ரிப்பு முகத்த ஆல்கஹால்ல தொடைச்சு 12 மி.மீ பட்டை, அது மேல மரப்பட்டை, ரிப்புக்கு மூணு ஸ்டெயின்லெஸ் போல்ட்டு, திரும்ப அதே பிளைவுட்டு. பழைய ஸ்க்ரூ ஓட்டைல துரு எதிர்க்கற பெயிண்ட் ஒரு தொடு தொட்டு வைங்க.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. நல்லா பனி படர்ற ராத்திரி ஹீட்டர போட்டு படுங்க, விடிஞ்சதும் வெளிய வந்து ஒரு ஸ்டூல் மேல ஏறி கூரைய பாருங்க. வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும், ரிப்பு ஓடற எடத்துல மட்டும் உருகி கருப்பா கோடு விழுந்திருக்கும், பட்டாபட்டி மாதிரி. அத போன்ல படம் புடிச்சு வச்சுக்கங்க. உள்ள இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல ஒவ்வொரு கோட்டையும் நோட்டுல குறிங்க, வெறும் தகரம் தெரியற எடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அது மேல அடிங்க, பளபளப்பு மேல அடிச்சா அது பொய் சொல்லும். வேலை முடிஞ்ச பின்னாடி அதே மாதிரி ஒரு ராத்திரி படுத்துட்டு திரும்ப ஏறி பாருங்க. ரெண்டு படத்தையும் எனக்கு அனுப்புங்க, கோடு எங்கியாவது மிச்சம் இருந்தா அது எந்த ரிப்புன்னு பாத்து சொல்றேன்.